எண்கள் பொருந்தின, ரிவால்வர் பொருந்தவில்லை: விக்டரி மாடல் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

டெக்சாஸில் வசிக்கும் நான் இரண்டாம் உலகப் போர்க்காலப் பொருள்களைச் சில ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். சென்ற ஆண்டு இணைய ஏலம் ஒன்றில், 'அமெரிக்கக் கடற்படை விமானி வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி மாடல், 4 அங்குலக் குழல், .38 ஸ்பெஷல், எல்லா எண்களும் பொருந்துகின்றன, எந்த மாற்றமும் செய்யப்படாதது' என்ற விளம்பரத்தை நம்பி, வேறு மாநில விற்பனையாளர் ஒருவரிடம் 850 டாலருக்கு ஒரு ரிவால்வர் வாங்கினேன். விக்டரி மாடல் என்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற அமெரிக்க நிறுவனம் அந்தப் போருக்காகச் செய்த ரிவால்வர்; .38 ஸ்பெஷல் என்பது தோட்டாவின் வகை. அந்த விளம்பரத்தில் எண்களைப் பற்றிச் சொன்னது மட்டும்தான் உண்மை.

ஒன்றுமே தெரியாமல் ஏமாந்தேன் என்று சொல்ல முடியாது. அரைகுறையாகத் தெரிந்திருந்ததுதான் என்னைக் கவிழ்த்தது. 1942இல் வரிசை எண் பத்து லட்சத்தை எட்டியதும் வெற்றியைக் குறிக்கும் 'வி' என்ற எழுத்தை முன்னால் சேர்த்து மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள் என்பதும், கைப்பிடியின் அடியிலும், சிலிண்டரின் பின்முகத்திலும், குழலின் அடிப்பகுதியிலும் ஒரே எண் இருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த மூன்று இடங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மூன்றும் பொருந்தவே, அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

ஆனால் எண் பொருந்துவதும் துப்பாக்கி மாற்றப்படாமல் இருப்பதும் வேறு வேறு. இந்த மாடலில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவை பிரிட்டனுக்கும் அதன் நேச நாடுகளுக்கும் போயின. அவற்றின் குழல் பெரும்பாலும் 5 அங்குலம், தோட்டாவும் .38 ஸ்பெஷல் அன்று, குட்டையும் சற்றுப் பருமனுமான .38 எஸ் அண்ட் டபிள்யூ. போர் முடிந்த பின் உபரியாக மலிவு விலையில் திரும்பி வந்தவற்றை வணிகர்கள் வாங்கி, தோட்டா அறைகளை ஆழமாகக் குடைந்து, குழலை வெட்டி, மெருகேற்றி .38 ஸ்பெஷல் என்று விற்றார்கள். முனையில் வெட்டினால் அடியில் உள்ள எண்ணுக்கு ஒன்றும் ஆகாது. என் கைக்கு வந்தது அப்படி ஒன்று.

வெளிமாநிலத்துக் கைத்துப்பாக்கி உரிமம் பெற்ற உள்ளூர்க் கடை வழியாகத்தான் வர வேண்டும். நானோ ஆர்வக் கோளாறில் படிவத்தில் கையெழுத்திட்டு முடித்த பிறகுதான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். "குழலை வெட்டியிருக்கிறார்களே" என்று கடைக்காரர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். இடப்பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் குழலின் நடுவில் இல்லாமல் முனையை ஒட்டி நின்றது. முன் குறிமுனையின் அடியில் பற்றவைத்த கோடு தெரிந்தது. அந்த இடப்பக்கப் படம் விளம்பரத்திலேயே இருந்தது, நான்தான் பார்க்கத் தவறினேன். வலப்பக்கப் படம் ஒன்றுகூட இல்லாத காரணம் வீட்டில் விளங்கியது. டார்ச் ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சியபோது, தேய்த்து அழிக்கப்பட்ட எழுத்துகளில் பழைய தோட்டாவின் பெயரும், அதற்கருகே 'இங்கிலாந்தில் செய்யப்பட்டதன்று' என்ற பொருள் தரும் பிரிட்டிஷ் சோதனை முத்திரையும் மங்கலாகத் தெரிந்தன. அமெரிக்கக் கடற்படை விமானிக்குத் தரப்பட்ட துப்பாக்கிக்கு, பிரிட்டிஷ் துப்பாக்கிச் சோதனைக் கூடம் உள்ள பர்மிங்ஹாமில் என்ன வேலை?

இது சேகரிப்பாளரின் மனக்குறையோடு முடிகிற விஷயம் இல்லை. அறையை நீளத்துக்குத்தான் குடைந்திருக்கிறார்கள். பின்பாதியின் பழைய அகலம் அப்படியே இருக்கிறது. அதில் சுட்ட .38 ஸ்பெஷல் கூடுகள் அடிப்பக்கம் வீங்கி, சில வேளை பிளந்தும் வெளிவரும். நான் சுட்டுப் பார்த்த ஆறில் ஒன்று நீளவாக்கில் பிளந்திருந்தது; அதன் பிறகு அதைச் சுடவில்லை.

1963 நவம்பர் 22இல் டல்லாஸில் காவலர் டிப்பிட்டைக் கொன்ற, அதே நாளில் அதிபர் கென்னடியைச் சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆஸ்வால்டின் ரிவால்வரும் இதே போலக் குடைந்து, குழலை இரண்டேகால் அங்குலமாக வெட்டிய விக்டரி மாடல்தான். அகலமான பழைய குழலில் மெல்லிய குண்டுகள் சீராகப் பதியாமல் போனதால், அவை அந்தத் துப்பாக்கியிலிருந்துதான் வந்தவை என்று எஃப்பிஐ நிபுணரால், கென்னடி கொலையை விசாரித்த வாரன் ஆணையத்திடம் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெற்றுக் கூடுகளை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது. இவ்வளவு பெயர் பெற்ற ஒரு மாற்றத்தை நான் மறந்தது எனக்கே வெட்கம்.

நிறுவனத்தின் பழைய பதிவேடுகளைப் பார்த்துச் சொல்லும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளைக்குக் கட்டணம் கட்டி எழுதிப் பெற்ற கடிதமும் 5 அங்குலக் குழல், பிரிட்டிஷ் தோட்டா என்றே சொன்னது. ஏலத்தில் பணம் கட்டும் முன் எழுதியிருக்க வேண்டிய கடிதம் அது. விற்றவருக்கு அதன் நகலை அனுப்பியபோது, "எண்கள் பொருந்துகின்றன என்றேன், பொருந்துகின்றனவே" என்று ஒரே வரியில் பதில் வந்தது. விமானியைப் பற்றிக் கேட்டதற்கு, தனக்கு விற்றவர் அப்படிச் சொன்னதாகக் கூறி, திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

சென்ற வாரம் அதே விற்பனையாளர் இன்னொரு விக்டரி மாடலை ஏலத்தில் வைத்திருந்தார். ஆறு படங்கள், ஆறும் இடப்பக்கம்.