பிடுங்கச் சொன்ன பல்லைக் காப்பாற்றிக் கொடுத்த குன்னூர் கிளினிக்

எனக்கு வாய்தான் வேலை. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை பாக்டரியில் 19 வருடமாக டீ மேக்கராக இருக்கிறேன். டிரையரிலிருந்து விழும் தூளை ஷிப்டுக்குப் பல முறை எடுத்து, 2 கிராமுக்கு 100 மில்லி கொதிநீர் என்ற கணக்கில் ஊற்றி, கோப்பைகளை வரிசையாக வைத்து, ஸ்பூனால் அள்ளி உறிஞ்சித் துப்ப வேண்டும். சத்தம் வர உறிஞ்சினால்தான் டீ காற்றோடு கலந்து நாக்கு முழுக்கப் பரவும், வாசம் மூக்குக்கு ஏறும். காட்டம் இருக்கிறதா, டிரையரில் தீய்ந்துவிட்டதா என்பதெல்லாம் அப்போதுதான் பிடிபடும். கெட்டுப்போன பல்லோடு அப்படி உறிஞ்சினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். போன ஜூன் மாதம் எனக்கு அதுதான் நடந்தது.

கீழ்வரிசையில் வலது பக்கக் கடைவாய்ப் பல். முதலில் பச்சைத் தண்ணீருக்கும் பனிக்காற்றுக்கும் கூசியது. மலையில் இருந்தால் பல் கூசத்தானே செய்யும் என்று கிராம்பைக் கடித்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன். அப்புறம் அது சூட்டுக்கு வலிப்பதாக மாறியது. டீயைத் துப்பின பிறகும் பத்து நிமிடம் தெறிக்கும். ராத்திரியில் தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொள்வேன். ஒரு வாய் எடுத்து அடக்கி வைத்தால் வலி அடங்கும், அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பானதும் மறுபடி ஆரம்பிக்கும்.

ஒரு கல்யாணத்துக்காகக் கீழே போயிருந்தபோது அங்கே ஓரிடத்தில் காட்டினேன். பெயர் வேண்டாம். எக்ஸ்ரே எடுக்கவில்லை. இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, பல்லை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட், அதாவது எலும்பில் பதிக்கிற செயற்கைப் பல், வைத்துவிடலாம், இன்றைக்கே முன்பணம் கட்டிவிடுங்கள் என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, பஸ் ஏறிவிட்டேன். பர்லியாறு தாண்டி வண்டி ஏற ஏற, பல்லுக்குள் யாரோ ஊசியை வைத்துத் திருகுகிற மாதிரி இருந்தது. குன்னூரில் இறங்கினதும் வீட்டுக்குப் போகாமல், பஸ் ஸ்டாண்டிலிருந்து மேல் குன்னூருக்கு ஏறும் வழியில் இருக்கும் இந்த மாடிக் கிளினிக்குக்குள் நுழைந்தேன். கீழே கம்பளிக் கடை, மேலே ஒரே ஒரு நாற்காலி உள்ள சின்ன இடம். முப்பது வயதைத் தாண்டின ஒரு டாக்டரம்மாவும் உதவிக்கு ஒரு பெண்ணும் இருக்கிறார்கள்.

வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் டாக்டர் கேட்ட கேள்விகளே எனக்குப் பாதி தைரியம் கொடுத்தன. "அண்ணா, பச்சைத் தண்ணி பட்டா வலிக்குதா, இல்ல சுகமா இருக்கா?" "சூடு பட்டா எவ்வளவு நேரம் வலி நிக்குது?" "தூக்கத்துல எழுப்பி விடுதா?" ஒவ்வொன்றுக்கும் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். பஸ் ஏறும்போது வலி கூடினதைச் சொன்னேன், அதையும் எழுதினார். மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரம், குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல். உள்ளே அழற்சி இருக்கிற பல், காற்றழுத்தம் மாறும்போது கூடுதலாக வலிக்கலாம், விமானத்தில் போகிற சிலருக்கும் இப்படி வரும் என்றார். அது என் மனப்பிரமை இல்லை என்று தெரிந்ததே ஒரு நிம்மதி.

அப்புறம் எக்ஸ்ரே. படத்தைத் திரையில் பெரிதாக்கி, சொத்தை எங்கே தொடங்கி எதுவரை போயிருக்கிறது என்று பேனாவால் காட்டினார். கூச்சம் சட்டென்று வந்து சட்டென்று போகிறவரை உள்ளே இருக்கும் நரம்பு தேறிவிட வாய்ப்பு உண்டு. சூட்டுக்கு வலித்து, அந்த வலி உடனே போகாமல் நீடித்தால் நரம்பு இனி மீளாது. நரம்பைச் சுற்றிக் கெட்டியான பல் இருப்பதால் வீங்குவதற்கு இடமில்லாமல்தான் அப்படித் தெறிக்கிறது. ஆனால் நரம்பு கெட்டாலும் வேர் உறுதியாக இருக்கிறது, எலும்பு கரையவில்லை, அதனால் பிடுங்க வேண்டியதில்லை, கெட்ட நரம்பை எடுத்து வேரை அடைக்கும் வேர் சிகிச்சை செய்து, பல்லின் மேல் கேப் என்ற மூடியைப் போட்டால் போதும் என்றார். "புடுங்கறது எப்ப வேணாலும் செய்யலாம்ணா. திருப்பி வெக்கத்தான் முடியாது." இதைச் சொல்லிவிட்டு ஒரு தாளில் செலவை எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரேயோடு சேர்த்துப் பார்க்க 350, வேர் சிகிச்சை 4,000, ஜிர்கோனியா கேப் 6,500. கடைசிவரை அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அன்றைக்கு வலி அடங்குவதற்கான வேலையை மட்டும் செய்து அனுப்பினார். அன்று ராத்திரி சொம்பு இல்லாமல் தூங்கினேன்.

என் வேலையை அவர் எப்படி மதித்தார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். கீழ்வரிசைப் பல்லுக்கு மரப்பு ஊசி போட்டால் உதடும் பாதி நாக்கும் மூன்று நாலு மணி நேரம் மரத்துக் கிடக்கும். நாக்கு மரத்தால் எனக்கு வேலை இல்லை. இதைக் கேட்டதும், காலையில் டேஸ்ட் பார்த்து முடித்துவிட்டு வாருங்கள் என்று இரண்டாம் முறை மதியம் நேரம் கொடுத்தார். மரப்பு தெளிகிறவரை சூடாக எதுவும் குடிக்கக் கூடாது, நாக்கு வெந்தாலும் தெரியாது என்று இரண்டு தரம் சொன்னார். பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டி, அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி செய்தார். வேருக்குள் கழுவும் மருந்து, துணி வெளுக்கும் பிளீச்சிங் சேர்ந்த இனமாம். வாயில் சிந்தினால் ருசியும் போகும், புண்ணும் ஆகும், ஊசி முனை அளவு கருவி தவறி விழுந்தாலும் விரிப்பு தடுத்துவிடும். இந்தப் பல்லின் வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாய் பெரும்பாலும் மூன்று, சிலருக்கு நாலு. எனக்கு நாலாவது இருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க மட்டும் இருபது நிமிடம் குனிந்தபடியே இருந்தார்.

அன்றைக்கு நல்ல மழை. வேலை முடிகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டது. பேட்டரி விளக்கில் எனக்குத் தற்காலிக அடைப்பு வைத்து முடித்தார். வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள். டாக்டரே வெளியே வந்து, அடுத்த தட்டுக் கருவிகள் இன்னும் நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் இயந்திரத்தில் முழுதாக ஓடி முடியவில்லை, பாதியில் நின்றுவிட்டது, அதை வைத்து உங்கள் வாயில் கை வைக்க மாட்டேன், நாளைக்கு முதல் ஆளாகப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிவைத்தார். ஒருவர் கோபித்துக்கொண்டார். அவர் பஸ் பிடித்து நனைந்து வந்தவர், அந்தக் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு காரியத்துக்காகவே நான் இந்த இடத்தை நம்புகிறேன். மூடிய உறையை நம் கண் முன்னாலேதான் கிழிக்கிறார்கள். நீராவியில் வெந்து வந்திருந்தால் உறையின் மேல் இருக்கும் பட்டை நிறம் மாறியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று காட்டவும் செய்கிறார்கள். எந்த பல் மருத்துவமனைக்குப் போனாலும் இதைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

குறைகளும் உண்டு. படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், முட்டிவலிக்காரர்களுக்குக் கஷ்டம். வேலை நடக்கும்போது போனை யாரும் எடுப்பதில்லை, நாம்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டும். எனக்கு 3 மணிக்குக் கொடுத்த நேரம் 4:10 ஆனது. கோத்தகிரிக்கு 20 கிலோமீட்டர் சொச்சம் போக வேண்டிய எனக்கு, பனி இறங்கின பிறகு வண்டிச்சோலை, கட்டபெட்டு வழியாகப் போகும் பஸ்ஸில் அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். தூரத்திலிருந்து வருகிறவர்கள் காலை முதல் நேரத்தையே கேட்டு வாங்குங்கள். காத்திருக்கும் அறையில் தரை சில்லென்று இருக்கும், சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள். மழை நாளில் நெட்வொர்க் போய்விட்டால் ஜிபே ஓடாது, கையில் பணம் வேண்டும்.

வேர் சிகிச்சை முடிந்த பிறகு பல்லைச் சுத்தம் செய்துகொண்டேன், 1,000 ரூபாய். டீயின் கறை இத்தனை வருடமாகப் பல்லில் ஏறியிருந்தது. சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று எங்கள் பாக்டரியில் எல்லாரும் சொல்வார்கள். உண்மையில், பல்லிடுக்கில் காரை மாதிரி பிடித்திருந்தது போனதும் இடைவெளி தெரிகிறது, அவ்வளவுதான். கறை திரும்ப வரும் என்று டாக்டரே சொல்லிவிட்டார், வெள்ளையாக்குகிறேன் என்று எதையும் விற்கப் பார்க்கவில்லை. டீயால்தான் சொத்தையா என்று கேட்டேன். சர்க்கரை இல்லாத டீயால் சொத்தை வராது, தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃபுளோரைடை எடுத்து இலையில் சேர்த்து வைக்கிற செடி என்றார். வினை சாயங்காலத்தில் இருந்தது. நாலு மணியிலிருந்து எட்டு மணிவரை சர்க்கரை போட்ட டீயும் வர்க்கி பிஸ்கட்டுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பேன். எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. ஒவ்வொரு தடவையும் வாயில் அமிலம் ஏறி, அடங்க அரை மணி நேரம் ஆகுமாம். இப்போது வர்க்கியை ஒரே வேளையில் சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். ராத்திரி படுக்கும் முன் ஃபுளோரைடு 1,000 பி.பி.எம். போட்ட பேஸ்டால் இரண்டு நிமிடம் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் அப்படியே விட்டுவிடுகிறேன். அந்தக் கொப்பளிக்காத பழக்கம் வரத்தான் எனக்கு ஒரு வாரம் ஆனது.

கேப் மாட்டின மறுநாள் கடிக்கும்போது அந்த இடம் மட்டும் துருத்திக்கொண்டு இருந்தது. திரும்பிப் போனேன். நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, மை ஒட்டின இடத்தை இரண்டு தடவை தேய்த்துவிட்டார். ஐந்து நிமிட வேலை, காசு வாங்கவில்லை. அடுத்த நாள் காலையில் பன்னிரண்டு கோப்பையை வரிசையாக உறிஞ்சினேன். பல் இருப்பதே தெரியவில்லை.

கேப்பைத் தேய்க்கப் போன அன்றைக்குத் துணைக்கு அம்மாவும் வந்திருந்தார். 71 வயது, முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் உண்டு. வெளியே உட்கார்ந்து வர்க்கியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்ததை டாக்டர் கதவு வழியாகக் கவனித்திருக்கிறார். "அம்மா, மூணு விரலைச் சேர்த்து நிமித்தி வாய்க்குள்ள வெச்சுக் காட்டுங்க" என்றார். இரண்டு விரல்தான் போனது. பாக்கு மெல்ல மெல்லக் கன்னத்தின் உள்தோல் இறுகி நார் மாதிரி ஆகிவிட்டது என்றார். உள்ளே ஒரு வெள்ளைத் திட்டும் இருந்தது. வலியே இல்லாததால் அம்மா யாரிடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து, இதைத் தள்ளிப் போடாதீர்கள் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அம்மாவைப் பார்த்ததற்குப் பணம் கேட்கவில்லை. ஊட்டியில் துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் இல்லை என்று வந்த அன்றைக்கு, வீட்டில் இருந்த பாக்கையும் புகையிலையையும் அம்மாவே அடுப்பில் போட்டார்.

இறுகின தோல் பழையபடி ஆகாது, ஆனால் வாய் திறக்கிற அளவைக் கொஞ்சம் கூட்டலாம் என்று டாக்டர் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, சில நாளுக்கு ஒரு குச்சி கூட்ட வேண்டும். பதினாலு குச்சியில் ஆரம்பித்தார். நேற்று சாயங்காலம் பதினாறாவது உள்ளே போனது.