சிலிண்டர் கண்ணாடி: தறியில் எட்டு மாதம் போட்ட பிறகு

நான் திருபுவனத்தில் பட்டு நெய்கிறவள். வயது 36. கண்ணாடியைப் பற்றி எழுத எனக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். ஒரே பவருக்கு இரண்டு கண்ணாடி வாங்கி, ஒன்றில் தலைவலியும் மற்றதில் நிம்மதியும் கண்டவள் நான். அந்த வித்தியாசம் ஏன் வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் தொந்தரவைச் சொல்கிறேன். பாவு இழை எனக்கு நேர் எதிரே நீளவாக்கில் ஓடும், ஊடை குறுக்கே விழும். பாவைக் கூர்ந்து பார்த்தால் ஊடை மங்கும். ஊடையைப் பார்த்தால் பாவு மங்கும். கண் இரண்டுக்கும் நடுவே மாறி மாறிப் பாடுபட்டுக்கொண்டே இருக்கும். மதியத்துக்குள் புருவத்துக்கு மேலே வலி பிடித்துவிடும். பாவில் ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் நாலு விரற்கடை நெய்துவிட்டு, அப்புறம் பிரித்திருக்கிறேன். பட்டில் பிரிப்பது எவ்வளவு வேதனை என்று நெய்கிறவர்களுக்குத் தெரியும். இராத்திரி மயிலாடுதுறை ரோட்டில் எதிரே வரும் பஸ் விளக்கு மேலும் கீழும் இழுத்த மாதிரி நீண்டு தெரியும். மூன்றாம் பிறை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தெரியும். எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கும்பகோணத்தில் கண் மருத்துவரிடம் போனபோது ஒரு படத்தைக் காட்டினார். நடுவிலிருந்து கோடுகள் விரிந்து நிற்கும் படம். எங்கள் ஊர்ப் புடவையை விசிறி மடிப்பாக மடித்து வைத்திருப்போமே, அதே விரிப்பு. எல்லாக் கோடும் ஒரே கறுப்பாகத் தெரிய வேண்டுமாம். எனக்கு நின்ற கோடுகள் அழுத்தமாகவும் படுத்த கோடுகள் புகை மாதிரியும் தெரிந்தன. "உங்க கருவிழி பந்து மாதிரி இல்லம்மா, முட்டையைப் படுக்க வைத்த மாதிரி இருக்கு" என்றார். மேலிருந்து கீழாக வளைவு அதிகம், பக்கவாட்டில் குறைவு. அதனால் உள்ளே போகும் வெளிச்சம் ஒரே புள்ளியில் கூடாமல் இரண்டு இடத்தில் கூடுகிறது. இதற்கு அஸ்டிக்மாட்டிசம் என்று பெயர், தமிழில் சிதறல் பார்வை என்கிறார்கள். நோய் என்று பயப்பட ஒன்றுமில்லை. சிறிய அளவில் நிறையப் பேருக்கு இருக்கும் என்றார். ஆனால் நான் அடிக்கடி கண்ணைக் கசக்குவேன் என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. கருவிழி மெலிந்து கூம்பு மாதிரி முன்னே தள்ளும் நோய் ஒன்று உண்டாம், கசக்குவது அதற்கு மிகவும் கெடுதலாம். அதற்காக வளைவைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எனக்கு அது இல்லை என்றார். கண்ணாடியின் பவர் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிறவர்கள் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

சீட்டில் வலது கண்ணுக்குச் சிலிண்டர், அதாவது இந்தச் சிதறலைச் சரிசெய்யும் பவர், மைனஸ் 1.50, இடது கண்ணுக்கு மைனஸ் 0.75, இரண்டுக்கும் பக்கத்தில் 180 என்று இருந்தது. அந்த 180ஐ நான் அப்போது கவனிக்கவே இல்லை. கடைக்காரரும் கவனிக்கவில்லை.

அந்த முதல் கடையின் பெயர் வேண்டாம். எனக்கு வட்ட பிரேம் பிடித்திருந்தது, அதையே போட்டுக் கொடுத்தார்கள். முதல் ஒரு வாரம் நன்றாக இருந்தது. அப்புறம் தறியில் உட்கார்ந்தால் புடவை ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தது, வாசற்படி சரிவாகத் தெரிந்தது. திரும்பப் போய்க் கேட்டேன். "புதுசு இல்லையா, பழகிடும்" என்றார்கள். சிலிண்டர் கண்ணாடிக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பது உண்மைதான், அதனால் நம்பினேன். ஒன்றரை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். அந்த மாதம் ஒரு புடவை குறைவாகத்தான் இறக்கினேன். அந்தக் கோபம் இன்னும் எனக்குப் போகவில்லை. கண்ணாடியைக் கழற்றி ஒரு நிமிஷம் மிஷினில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதைச் செய்தவர் மடத்துத் தெருப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன். தன் பெயரைப் போட வேண்டாம் என்றார். நான் பேசி முடிப்பதற்குள் கண்ணாடியை வாங்கி, லென்ஸின் பவரையும் டிகிரியையும் காட்டும் லென்சோமீட்டர் மிஷினில் வைத்தார். "பவர் சரிம்மா. டிகிரி 165ல நிக்குது" என்றார். வட்ட பிரேமில் திருகு லேசாகத் தளர்ந்தால் லென்ஸ் உள்ளேயே சுழன்றுவிடுமாம். தறியில் வியர்வை வழிய வழிய நான் ஒரு நாளைக்கு நூறு தடவை கண்ணாடியை மேலே ஏற்றியிருப்பேன்.

"பதினஞ்சு டிகிரிதானே அண்ணே?" என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். சாதாரண பவர் லென்ஸ் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வேலை செய்யும், அதைச் சுழற்றினாலும் ஒன்றுமில்லை. சிலிண்டர் லென்ஸ் ஒரு திசைக்கு மட்டும் பவர் கொடுத்து மற்றத் திசையை அப்படியே விட்டுவிடும். எந்தத் திசை என்று சொல்வதுதான் அந்த டிகிரி. ஒரு டிகிரி தப்பினால் நூற்றுக்கு மூன்று பங்கு பலன் போகும். பதினைந்து தப்பினால் பாதி. முப்பது தப்பினால் கண்ணாடி போட்டதும் போடாததும் ஒன்று. பவர் கூடக் கூட இந்தப் பிசகு அதிகமாக உறுத்துமாம். பாவு ஒரு நூல் சாய்ந்தால் புடவை முழுக்கச் சாயும், எனக்கு உடனே புரிந்துவிட்டது.

வட்டம் வேண்டாம் என்று, மூலை உள்ள, மூக்கில் அழுந்தி நிற்கும் பிளாஸ்டிக் பிரேம் ஒன்றைக் கொடுத்தார். மூலை இருந்தால் லென்ஸ் சுழல வழியில்லை. லென்ஸில் டிகிரியைப் புள்ளி வைத்துக் குறித்துவிட்டு வெட்டினார். கருவிழிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்தார், முதல் கடையில் அதுவும் நடக்கவில்லை. வெளிச்சம் எதிரொளிக்காத பூச்சோடு மொத்தம் 1,650 ரூபாய் ஆனது. பூச்சு இல்லாமல் வாங்கியிருந்தால் இன்னும் குறைந்திருக்கும். ஆனால் தறிக்கு மேலே டியூப் லைட் தொங்குகிறவர்கள் பூச்சு போட்டுக்கொள்வது நல்லது. ஜரிகையின் பளபளப்பும் கண்ணை அவ்வளவாகக் குத்துவதில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கும்படி அவர் ஒரு வழியும் காட்டினார். சீட்டில் 180 அல்லது 90 இருப்பவர்களுக்கு இது பொருந்தும். கண்ணாடியைக் கை நீட்டி நேராகப் பிடித்து, லென்ஸின் நடுவழியாகக் கதவு நிலையின் ஓரத்தைப் பாருங்கள். லென்ஸுக்கு உள்ளே தெரியும் கோடும் வெளியே தெரியும் கோடும் ஒரே நேரில் நிற்க வேண்டும். உள்ளே மட்டும் சாய்ந்திருந்தால் கடைக்குப் போங்கள். என் பழைய கண்ணாடியில் நிலை நன்றாகவே சாய்ந்து தெரிந்தது.

இந்தப் புதுக் கண்ணாடியோடு எட்டு மாதம் ஆகிறது. பழக நாலு நாள்தான் ஆனது. பாவும் ஊடையும் ஒன்றாகத் தெரிகின்றன, இது எனக்குப் பெரிய விஷயம். தலைவலி போய்விட்டது. பிறை ஒன்றுதான். குறை இல்லாமல் இல்லை. பிளாஸ்டிக் லென்ஸில் சீக்கிரம் கீறல் விழுகிறது. நான் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தேன். தறியின் தூசு படிந்த துணியால் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது மாதிரி. இப்போது தண்ணீரில் அலசி மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்கிறேன். சித்திரை வெயிலில் மூக்குப் பக்கம் வேர்க்குரு வந்தது, அதற்கு வழியில்லை.

பரிசோதனைக்குப் போகிறவர்கள் காலையில் போங்கள், நாள் முழுக்க நெய்துவிட்டுப் போகாதீர்கள். கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கும் எண்ணோடு விட்டுவிடக் கூடாது. கைப்பிடி வைத்த ஒரு சின்ன லென்ஸைக் கண் முன்னால் புரட்டிப் புரட்டி, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்பார்கள். டிகிரி துல்லியமாவது அங்கேதான். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் ஒன்று என்றே சொல்லுங்கள், அதுவும் சரியான பதில்தான். நான் முதல் தடவை மருத்துவர் கோபித்துக்கொள்வாரோ என்று ஏதோ ஒன்றைச் சொல்லித் தொலைத்தேன்.

இங்கிலாந்தில் ஏரி என்ற வானியல் அறிஞர் 1825இல் தன் இடது கண்ணுக்குச் சிலிண்டர் லென்ஸைச் செய்வித்துப் போட்டாராம். அட்டையில் ஊசித் துளை போட்டு, அதை முன்னும் பின்னும் நகர்த்தி, வெளிச்சப் புள்ளி எந்தத் தூரத்தில் எந்தப் பக்கம் சாய்ந்த கோடாக நீள்கிறது என்று தானே அளந்தார். அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவருக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

மருத்துவர் என் மகளையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார். ஏழு வயது, நோட்டைத் தலை சாய்த்துத்தான் எழுதுவாள். அவளுக்கும் சிலிண்டர் இருக்கிறது, என்னைவிடக் கொஞ்சம் கூடுதல். சின்ன வயதிலேயே கண்ணாடி போடாமல் விட்டால் மூளை அந்தக் கண்ணின் மங்கலான படத்துக்கே பழகி, அப்புறம் கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராமல் போகலாம் என்றார். எனக்கு யாரும் அந்த வயதில் பார்க்கவில்லை. அவளுக்கு அதே கடையில் கட்டம் போட்ட நீலப் பிரேம் எடுத்திருக்கிறோம். லென்ஸில் வைத்த புள்ளியை அண்ணன் அவளிடமே காட்டி, எது எந்தப் பக்கம் என்று சொல்லிக் கொடுத்தார். கடை காலை பத்தரைக்குத் திறக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை.