காரைக்குடி மாலைநேரக் கணித வகுப்பு: சீகண்ட் நடத்தப்படும் விதம்

காரைக்குடியில் பழைய வீடொன்றின் வளவை ஒட்டிய கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்காக நடைபெறும் தனிப்பயிற்சி வகுப்பில் என் மகள் படிக்கிறாள். பெற்றோரும் பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம் என்பதால், பலரும் சூத்திரமாக மட்டுமே மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்துபோகும் சீகண்ட் என்ற முக்கோணவியல் விகிதத்தை இங்கே எவ்வாறு கற்பிக்கிறார்கள் என்பதை நேரில் கவனிக்க முடிந்தது.

கொசைனின் தலைகீழி என்ற வரையறையோடு ஆசிரியர் நின்றுவிடுவதில்லை. ஆரம் 1 உள்ள வட்டத்தை வரைந்து, அதன் வலக்கோடியில் செங்குத்தாக ஒரு தொடுகோட்டை எழுப்பி, மையத்திலிருந்து புறப்படும் கோடு வட்டத்தை வெட்டிச் சென்று அத்தொடுகோட்டைச் சந்திக்கும் வரையுள்ள நீளமே சீகண்ட் என்றும், சந்திக்கும் இடத்தின் உயரமே டேன்ஜெண்ட் என்றும் காட்டுகிறார். செங்கோண முக்கோணம் கண்முன்னே இருப்பதால், டேன்ஜெண்டின் வர்க்கத்தோடு 1-ஐக் கூட்டினால் சீகண்டின் வர்க்கம் கிடைக்கும் என்ற முற்றொருமையைத் தனியே நெட்டுருப் போட வேண்டியதில்லை. கோணம் 89 பாகையாகும்போது நீளம் ஏறத்தாழ 57.3 ஆகிறது, 90 பாகையில் இரு கோடுகளும் இணையாகிவிடுவதால் சந்திப்பும் இல்லை, மதிப்பும் இல்லை.

ஆங்கிலத்தில் சீகண்ட் என்ற அதே பெயரைக் கொண்ட, வகைநுண்கணிதத்தில் வரும் வெட்டுக்கோட்டை (வளைவரையின் இரு புள்ளிகளை இணைக்கும் கோடு) சுருக்கமாக, ஆனால் தெளிவாக நடத்தினார். வர்க்கச் சார்பின் வளைவரையில் 1, 2 ஆகிய இடங்களை இணைக்கும் கோட்டின் சாய்வு 3. இரண்டாம் இடத்தை 1.1-க்கு நகர்த்தினால் 2.1, 1.01-க்கு நகர்த்தினால் 2.01, எல்லையில் தொடுகோட்டின் சாய்வு 2.

வகுப்பின் உச்சம் சீகண்டைத் தொகையிட்ட, அதாவது அதன் மதிப்புகளைச் சிறுசிறு துண்டுகளாகக் கூட்டி எல்லை கண்ட நாள்தான். நிலப்பட வரைஞர் மெர்கேட்டர் 1569-இல் வெளியிட்ட உலகப்படத்தில் ஒவ்வோர் அட்சரேகையும் நிலநடுக்கோட்டின் நீளத்துக்கு இழுக்கப்படுவதால், அந்த அட்சக்கோணத்தின் சீகண்ட் அளவுக்குக் கிழக்கு மேற்காகப் படம் விரிகிறது. திசைக்கோணம் பிழையாமலிருக்க வடக்கு தெற்காகவும் அதே அளவு விரிய வேண்டும். ஏறத்தாழ 10 பாகையிலுள்ள காரைக்குடியில் இவ்விரிவு 1.015 மடங்குதான், 60 பாகையிலோ சரியாக 2 மடங்கு. அவ்விரிவுகளைச் சிறுசிறு இடைவெளிகளில் கூட்டி ஆங்கிலேயக் கணிதவியலாளர் எட்வர்டு ரைட் 1599-இல் அட்டவணை வெளியிட்டார். அது டேன்ஜெண்டின் மடக்கை அட்டவணையோடு ஒத்துப்போவதை 1640-களில் ஹென்றி பாண்ட் கவனித்தார். அந்த ஒப்புமை சரியே என்பதை ஜேம்ஸ் கிரிகோரி 1668-இல் நிறுவினார். கப்பலேறி ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கச் சென்றவர்களின் ஊரில் இக்கதையைக் கேட்கப் பிள்ளைகளுக்கு அலுக்கவில்லை. சீகண்டைத் தொகையிடுவதற்காகப் பாடநூல் தரும், சீகண்டையும் டேன்ஜெண்டையும் கூட்டிவரும் தொகையால் தொகுதியையும் பகுதியையும் பெருக்கும் உத்தி, விடை இன்னதென்று முன்பே தெரிந்தவர்களுக்கே தோன்றக்கூடியது என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. பாடநூலில் அதைப் படித்து மிரண்ட மாணவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

குறைகளும் உண்டு. சீகண்டின் வகைக்கெழு, சீகண்டையும் டேன்ஜெண்டையும் பெருக்கிவரும் பலன் என்பதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். வகுத்தல் விதியைக் கொண்டு அதைப் பெறுவதற்குச் சில நிமிடங்களே தேவைப்பட்டிருக்கும். பயிற்சிக் கணக்குகள் மிகக் குறைவு. முந்தைய ஆண்டு வினாத்தாள்களை வீட்டில்தான் போட்டுப் பார்க்க வேண்டியுள்ளது. தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும்போது மதிப்பெண்ணுக்காக மட்டும் சேர நினைப்பவர்களுக்கு இவ்வகுப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆண்டுத் தொடக்கத்திலேயே சேர்பவர்கள் கட்டணத்தை மாதந்தோறும் செலுத்தலாம். பயிற்சிக்கான கணக்கு நூலை மட்டும் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும்.