ஏழு வருஷம் ஓடிய ஓவன்: கொடைக்கானலில் வெளிநாட்டு வாடகைக்காரர்களுக்குச் சமைத்த அனுபவம்

நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு ரூம் இருக்கிறது. மாசக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் விடுகிறோம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வருகிறவர்கள், செடிகொடி ஆராய்ச்சி என்று வருகிறவர்கள், ரிட்டயர் ஆனபின் ஆறு மாசம் மலையில் இருக்கலாம் என்று வருகிறவர்கள், பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். 2018 டிசம்பரில் அவர்களுக்காக 40 லிட்டர் ஓடிஜி (மேஜைமேல் வைக்கிற கரண்ட் ஓவன்) ஒன்று வாங்கினேன், ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. இன்றைக்கும் அதே ஓவன்தான் ஓடுகிறது. எந்தக் கம்பெனியுடையதை வாங்கினாலும் மலையில் வரும் சிக்கல் ஏறக்குறைய ஒன்றேதான், அதனால் கம்பெனி பெயரை விட்டுவிடுகிறேன்.

வாங்கிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் ஆகஸ்ட் மழையில் மாடியில் இருந்த அமெரிக்க வாத்தியாருக்குக் காய்ச்சல், நாலு நாள் எழுந்திருக்கவில்லை. கஞ்சியும் மிளகு ரசமும் கொண்டுபோய் வைத்தேன். நம் சாப்பாட்டை ரசித்து, கையால் பிசைந்து சாப்பிடுகிற மனுஷர்தான், ஆனால் அந்த நாலு நாளும் மரியாதைக்கு இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு மூடி வைத்துவிடுவார். மூன்றாம் நாள் நேராகவே கேட்டேன், என்ன சாப்பிடத் தோன்றுகிறது என்று. தயங்கித் தயங்கி, "மேக்கரோனி சீஸ் அக்கா, எங்கம்மா செய்கிற மாதிரி, மேலே முறுகலாக" என்றார். ஓவன் இல்லாமல் சட்டியிலேயே செய்து கொடுத்தேன். முறுகல் எங்கே வரும்? ஆனாலும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு அன்று இரவு நன்றாகத் தூங்கினார். நமக்குக் காய்ச்சலில் கஞ்சி எப்படியோ அவருக்கு அது அப்படி, அவ்வளவுதான் விஷயம். அந்த முறுகலுக்காகத்தான் நான் ஓவன் வாங்கினேன்.

வாங்கியதும் யூடியூப் பார்த்து அளவு பிசகாமல் செய்த வாழைப்பழ பிரெட் நடுவில் குழியாக அமுங்கிப்போனது. மறுபடி செய்தேன், மறுபடி குழி. ஓவனில் கோளாறு என்றே நினைத்தேன், ஆனால் காரணம் ஊரில் இருக்கிறது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு இங்கே அதிகமாக விரிகிறது, மாவு வெந்து இறுகுவதற்குள் மளமளவென்று எழும்பி அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. இப்போது நான் வைத்துக்கொண்டிருக்கிற கணக்கு இது: ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் என்றால் முக்கால், ஒரு கப் சர்க்கரைக்கு ஒரு டேபிள்ஸ்பூன் குறைவு, பால் இரண்டு மூன்று ஸ்பூன் கூடுதல், சூடு பத்து டிகிரி அதிகம். மலைவாழைப்பழம் போட்டால் இன்னும் கொஞ்சம் பால் வேண்டும், அதில் ஈரம் குறைவு, ஆனால் மணம் வேறு எந்தப் பழத்திலும் வராது.

மேக்கரோனியும் இதே கதைதான். இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பாக்கெட்டில் 8 நிமிஷம் என்று போட்டிருந்தால் 11, 12 நிமிஷம் வேக வேண்டும். வெண்ணெயில் மைதாவை வாசனை போக வறுத்து, பால் ஊற்றிக் கட்டியில்லாமல் கிண்டி, இறக்கியபின்தான் சீஸ். கொதிக்கும்போதே போட்டால் திரிதிரியாகிவிடும். சீஸுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை, இங்கேயே செய்கிறார்கள், செடார் வாங்கித் துருவிக்கொள்வேன். மேலே பழைய பிரெட் தூளைத் தூவி, ஓவனில் சூடேற்றும் கம்பிகளில் மேல் கம்பியை மட்டும் போட்டு ஆறு ஏழு நிமிஷம். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும், ஓரத்தில் சீஸ் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, பிரெட் தூள் தேன் நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிஷம் விட்டால் கருகல்.

இனி ஓவனின் குறைகள். முதல் குறை, அதன் திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 160தான் இருந்தது, உள்ளே வைக்கிற சின்ன தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி வைத்த பிறகுதான் தெரிந்தது. ஓவனோடு சேர்த்து இதையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். இரண்டாவது கரண்ட். இது 2,000 வாட், 16 ஆம்ப் பிளக் இல்லாமல் நடக்காது, அதற்கே தனியாக ஒயர் இழுத்தோம். சாயங்காலம் ஊரெல்லாம் ஹீட்டரும் கீசரும் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும், பத்து நிமிஷத்தில் சூடேறுவது இருபத்தைந்து நிமிஷம் ஆகும். அதனால் பேக்கிங் எல்லாம் காலை பதினோரு மணிக்கு முன்னால்.

நாலாவது வருஷம் கீழ்க் கம்பி ஒன்று போய்விட்டது. கம்பெனியின் சர்வீஸ் ஆட்களைக் கூப்பிட்டால் மலைக்கு ஆள் அனுப்ப மாட்டோம், ஓவனைக் கீழே கொண்டுவாருங்கள் என்றார்கள். மூன்று வாரம் போனிலேயே போயிற்று, எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் வத்தலக்குண்டில் ஒரு எலக்ட்ரீஷியன் தம்பி கம்பியை அளவெடுத்து வாங்கி, பஸ்ஸில் வந்து மாட்டிக் கொடுத்தார், கூலியோடு 900 ரூபாய். அன்றிலிருந்து குறையில்லை. டைமர் மட்டும் ஆறாவது வருஷம் நின்றுவிட்டது, போனில் அலாரம் வைத்துக்கொள்கிறேன். அப்புறம் பனிமூட்டம். அக்டோபர், நவம்பரில் வீட்டுக்குள்ளேயே ஈரம் வந்து உட்காரும், தட்டுகள் துருப்பிடிக்கும், கழுவியதும் துடைத்து, ஓவன் சூட்டிலேயே ஐந்து நிமிஷம் காயவைக்க வேண்டும்.

இவ்வளவு தொந்தரவுக்கும் மேல் இதை ஏன் வைத்திருக்கிறேன் என்றால், அந்த நவம்பர் மாசம்தான். அமெரிக்கர்களுக்கு நவம்பர் நாலாவது வியாழக்கிழமை தாங்ஸ்கிவிங், நமக்குப் பொங்கல் மாதிரி வீட்டோடு சேர்ந்து சாப்பிடுகிற நாள். சரியாக அப்போதுதான் இங்கே மழை, மூட்டம், நாலு மணிக்கே இருட்டு. அன்றைக்கு ஊர் நினைப்பில் மனசு விட்டுப்போய் உட்கார்ந்திருப்பார்கள். பரங்கிக்காய் பை, அதாவது மாவு ஓட்டுக்குள் பரங்கி விழுதை வைத்து ஓவனில் சுடுகிற இனிப்பு, செய்யக் கற்றுக்கொண்டது அதற்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நல்ல சிவந்த பரங்கி வாங்கி, ஓவனில் சுட்டு, துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பை சொதசொதவென்று ஆகிவிடும். அதில் சேர்ப்பது பட்டை, சுக்கு, கிராம்பு, சாதிக்காய். எல்லாம் நம் மளிகைக்கடைச் சாமான். அந்த வாசனை மாடிப்படி ஏறியதும் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்துவிடுவார்கள்.

பையின் ஓட்டுக்கு மாவு பிசைய எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் தெருக்கோடியில் இருந்த பாட்டி. இந்த ஊரே 1845-ல் மதுரைப் பக்கம் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பித்து வந்து வீடு கட்டிக்கொண்ட ஊர், அவர்கள் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் 1901-ல் வந்தது. பங்களா சமையல் தெரிந்த பெரியவர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள், நாம்தான் அவர்களிடம் கேட்பதில்லை. பாட்டி சொன்னது ஒரே ஒரு வரி: "விரல் நுனியிலதான் உதிர்க்கணும் தாயி, உள்ளங்கை படக்கூடாது, பட்டா வெண்ணெய் உருகிடும்." எத்தனையோ வீடியோ பார்த்தும் வராத பதம் அந்த வரியில் வந்தது.

ஷெப்பர்ட்ஸ் பைக்கு (கறியின் மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி ஓவனில் சுடுவது) ஆட்டுக் கொத்துக்கறியும் மலை உருளைக்கிழங்கும். பூண்டு பிரெட்டுக்கு மலைப்பூண்டு, காரம் தூக்கல் என்பதால் பாதி அளவு போதும். வெள்ளைக்காரர்கள் டோஸ்ட் மேல் போட்டுக்கொள்ளும் பீன்ஸை டின்னில் வாங்காமல் பட்டர் பீன்ஸில் செய்கிறேன். வெறும் பானையில் இந்தக் கொதிநிலைக்கு அது வேகவே வேகாது, குக்கரில் மூன்று விசில் விட்டு, தக்காளிச் சாறும் ஒரு துண்டு வெல்லமும் போட்டுச் சுண்ட விடுவேன். ஸ்காட்லாந்துக்காரம்மா ஒருவர் எட்டு மாசம் தங்கினார், வாரம் இரண்டு நாள் காலையில் இதுதான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இவர்களுக்குச் செய்யும்போது பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கரம் மசாலா என்று எதையும் சேர்க்காதீர்கள். நமக்குச் சப்பென்று இருக்கிறதே என்று சேர்க்கத் தோன்றும், நானும் சேர்த்திருக்கிறேன், அவர்களும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ஆனால் தட்டில் மிச்சம் இருக்கும். துபாயில் இருக்கிற நம் பிள்ளைக்கு யாராவது ரசத்தில் சீஸ் போட்டுக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

2020 மார்ச்சில் விமானம் எல்லாம் நின்றபோது மாடியில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள், ஒரு ஜெர்மன் பெண், ஒரு கனடாக்காரர். ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டிலேயே பிரெட் போட்டோம். அந்தப் பெண்ணிடமிருந்துதான் கோதுமையைப் புளிக்கவைத்துச் செய்யும் கனத்த பிரெட்டைக் கற்றேன். குளிர்காலத்தில் மாவு எழும்ப, ஓவனைப் போடாமல் உள்ளே ஒரு பாத்திரம் வெந்நீரை வைத்து மூடிவிட வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். டிசம்பர் ராத்திரிகளில் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன், இட்லி மாவுக்கும் சேர்த்து.

மறுபடி வாங்குவதானால் இதே 40 லிட்டர்தான் வாங்குவேன், சின்னதில் பை தட்டு நுழையாது. மேல் கம்பி, கீழ்க் கம்பி தனித்தனியாகப் போடும் வசதி இருக்கிறதா, உதிரி பாகம் பக்கத்தில் கிடைக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் இரண்டு யூனிட், சூடேறியதும் தானாக விட்டு விட்டு ஓடுவதால் எனக்கு அதற்கும் குறைவுதான் ஆகிறது. மாடியில் புதிதாக ஒரு பிரெஞ்சுக்காரர் வந்திருக்கிறார். வெங்காய சூப்பும் அதன் மேல் சீஸ் போட்ட டோஸ்ட்டும் தன் பாட்டி செய்வாராம், போன வாரம் சொன்னார். சூட்டைத் தாங்கும் மண்கிண்ணம் தேடிக்கொண்டிருக்கிறேன், மதுரைப் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.