தம்பியை அடிக்கும் நாலு வயதுப் பையன்: ஸ்கின்னர் முதல் பவுல்பி வரை யார் சொல்வது பொருந்துகிறது?

குழந்தை வளர்ச்சிக் கோட்பாடுகளை ஒவ்வொன்றாகப் படித்தால் ஒவ்வொன்றும் சரி என்றே தோன்றும். ஒரே நடத்தையை எல்லாரிடமும் கொடுத்து விளக்கம் கேட்டால்தான் யார் எவ்வளவு தூரம் வருகிறார்கள் என்பது தெரியும். ஆகவே ஒரு சாதாரணக் காட்சியை எடுத்துக்கொள்வோம். நாலு வயதுப் பையனின் பொம்மைக் காரை ஒன்றரை வயதுத் தம்பி பிடுங்குகிறான். அண்ணன் ஓங்கி ஓர் அடி வைக்கிறான். ஏன்?

வெளியே தெரியும் நடத்தையை மட்டுமே ஆராயும் நடத்தையியல் பள்ளியின் ஸ்கின்னரிடம் போனால் அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்றே கேட்கமாட்டார். அடித்த பிறகு என்ன கிடைத்தது என்பதுதான் அவர் கேள்வி. கார் திரும்பி வந்தது. அதுவரை வேறு வேலையில் இருந்த அப்பாவும் அவனைத் திரும்பிப் பார்த்தார். திட்டத்தான் பார்த்தார், ஆனாலும் பார்த்தார். பெரியவர்கள் தண்டனை என்று நினைத்துக் கொடுப்பது குழந்தைக்குக் கவனிப்பாகப் போய்ச்சேரலாம் என்பது நடத்தையியல் தந்த கூர்மையான பார்வை. எப்போதாவது மட்டும் பலன் கிடைக்கும் பழக்கம்தான் எளிதில் விடாது என்பதையும் இந்தச் சிந்தனைப் பள்ளி பலமுறை சோதித்துக் காட்டியிருக்கிறது. ஒன்பது முறை மறுத்துவிட்டுப் பத்தாவது முறை விட்டுக்கொடுக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆனால் பரிசு கொடுத்தே எல்லாவற்றையும் சரிசெய்யலாம் என்ற நம்பிக்கை 1973-ல் அடிவாங்கியது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள சிறு பிள்ளைகளிடம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். பிற்பாடு சும்மா விட்டபோது, பரிசு பேசப்படாத பிள்ளைகளைவிட அவர்கள் குறைவாகவே வரைந்தார்கள். இன்னொரு ஓட்டையும் உண்டு. பலன் கிடைத்ததால் மறுபடி அடிக்கிறான், சரி. முதல் அடி எங்கிருந்து வந்தது?

இங்கேதான், பிள்ளைகள் பிறரைப் பார்த்தே கற்கிறார்கள் என்ற பண்டூரா நுழைகிறார். 1961-ல் ஸ்டான்ஃபோர்டில் 72 சிறு பிள்ளைகளை வைத்து அவர் செய்த சோதனை பிரபலம்: பெரியவர் ஒருவர் காற்றடைத்த போபோ பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் அதே மாதிரி அடித்தார்கள். அடிப்பதற்கென்றே இருக்கும் பொம்மையை அடித்தால் அது வன்முறையா என்று விமர்சகர்கள் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1965-ம் ஆண்டுச் சோதனை. அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் 'பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு' என்றதும் எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் செய்துகாட்டினார்கள். அதாவது, தண்டனை செயலை அடக்கியது, கற்றதை அழிக்கவில்லை. அமைதியாக இருக்கும் குழந்தைக்குத் தெரியாது என்று நினைக்கவேண்டாம்.

சிந்தனை கட்டம் கட்டமாக வளர்கிறது என்ற பியாஜே கேட்பது வேறு மாதிரி. தம்பிக்கு வலிக்கும், தம்பிக்கும் அந்தக் கார் வேண்டும் என்பதை நாலு வயது மூளையால் யோசிக்க முடியுமா? மூன்று மலைகளின் மாதிரியை வைத்து எதிர்ப்பக்கம் இருக்கும் பொம்மைக்கு என்ன தெரியும் என்று அவர் கேட்டபோது, அந்த வயதுப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிவதையே சொன்னார்கள். ஆகவே பையன் கெட்டவன் இல்லை, இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை. ஆறுதலான பதில்தான், ஆனால் கட்டங்களை அவர் கொஞ்சம் இறுக்கமாகவே போட்டுவிட்டார். 1975-ல் மார்ட்டின் ஹியூஸ் மலைகளை விட்டுவிட்டு, போலீஸ்காரப் பொம்மையின் கண்ணில் படாமல் பையன் பொம்மையை எங்கே ஒளிப்பது என்று கேட்டார். மூன்றரை முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 90 சதவீத விடைகள் சரியாக வந்தன. காரணம் புரிகிற சூழலாக இருந்தால் அடுத்தவர் பார்வை அவர்களுக்குப் பிடிபடுகிறது.

சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கியின் பக்கம் நான் சாய்வது இதனால்தான். தனியாக முடியாததை, தெரிந்தவர் கூட இருந்தால் குழந்தை செய்துவிடும். வளர்ச்சி நடப்பதே அந்த இடைவெளியில்தான் என்பது அவர் வாதம். விளையாடும்போது குழந்தை தனக்குத்தானே பேசிக்கொள்வதை முதிர்ச்சியின்மை என்று பியாஜே பார்த்தார். வைகாட்ஸ்கியோ வேலை கடினமாகும்போது அந்தப் பேச்சு கூடுவதைக் கவனித்து, அது தன்னைத்தானே வழிநடத்தும் பேச்சு, பிறகு உள்ளே போய்ச் சிந்தனையாகிறது என்றார். இருவரும் 1896-ல் பிறந்தவர்கள். வைகாட்ஸ்கி 37 வயதில் காசநோயால் இறந்துபோனார். பியாஜே அவருடைய விமர்சனத்துக்குப் பதில் எழுதியது 1962-ல். தனக்குத்தானே பேசும் அந்தப் பேச்சு விஷயத்தில் ஓரளவு உடன்பட்டார், முழுக்க அல்ல. நம் பையனுக்கு இதன்படி என்ன குறை? 'குடு, அது என்னோடது' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் பேச்சு இன்னும் கைகூடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கலாம். பியாஜேவின் பதில் காத்திருக்கச் சொல்கிறது, இது செய்ய வேலை தருகிறது.

தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பை ஆராய்ந்த பவுல்பி அடியைப் பார்க்கமாட்டார், தம்பி பிறந்ததிலிருந்து நடந்த கதையைப் பார்ப்பார். அம்மாவிடம் தன் இடம் பத்திரமா என்று பையன் சோதிக்கிறான் என்பார். வீட்டில் சமீபத்தில் பெரிய மாற்றம் வந்திருந்தால் இந்த விளக்கத்துக்கு எடை கூடும். ஆனால் எல்லாப் பாரத்தையும் தாய் தலையில் வைத்தது அவர் ஆரம்ப எழுத்துகளின் கோளாறு. 1964-ல் ஷாஃபரும் எமர்சனும் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலானோர் ஒருவருக்கு மேற்பட்டவர்களிடம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆழ்மனத்தை வைத்து விளக்கும் ஃபிராய்ட் பள்ளி? பையன் அடித்தாலும் பொறாமை, கொஞ்சினாலும் மறைத்த பொறாமை என்று சொல்ல அங்கே இடம் இருக்கிறது. எது நடந்தாலும் பொய்யாகாத விளக்கத்தை வைத்து என்ன செய்வது?

இவர்கள் யாருமே பெரிதாகக் கேட்காத ஒன்று பாக்கி. அதே வீடு, அதே வளர்ப்பு, ஆனால் இன்னொரு பிள்ளை அந்த இடத்தில் அழுதுவிட்டுப் போயிருக்கும். 1956-ல் நியூயார்க்கில் ஆய்வைத் தொடங்கிய தாமஸும் செஸ்ஸும் பிறவிச் சுபாவத்தை வைத்துக் குழந்தைகளைப் பிரித்தார்கள்: சுமார் 40 சதவீதம் இலகுவானவர்கள், 10 சதவீதம் சமாளிக்கக் கடினமானவர்கள், 15 சதவீதம் மெதுவாகப் பழகுபவர்கள். மிச்சம் 35 சதவீதம் எந்த வகையிலும் உட்காரவில்லை. சுபாவம் மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை, அது சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்போடு பொருந்துகிறதா என்பதுதான் கணக்கு என்றார்கள். சட்டென்று கொதிக்கும் பையனுக்கு ஸ்கின்னரின் வழியையோ வைகாட்ஸ்கியின் வழியையோ பிடிப்பதற்கு முன்னால் பார்க்கவேண்டியது இதை.