படகு சவாரி, கரையில் ஒரு ராத்திரி: பணம் கட்டும் முன்பு இதைப் படியுங்கள்

பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை எங்களுக்கு நடந்தது இது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று என் தோழி அதே விளம்பரத்தை எனக்கு அனுப்பி, "குழந்தைகளோட போகலாமா?" என்று கேட்டாள். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் வீடு கொளத்தூர். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், நாத்தனாரும் அவர் கணவரும், பிள்ளைகள் மூன்று பேர், ஆக ஒன்பது பேர். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம். இரண்டு மணி நேரப் படகு சவாரி, பூநாரைக் கூட்டம், ஏரிக்கரையில் ஏசி காட்டேஜ், ராத்திரி மீன் சாப்பாடு, காலையில் திரும்பவும் படகு. பெரியவர்களுக்கு 2,800, பிள்ளைகளுக்கு 1,400. மொத்தம் 21,000 ரூபாய். இடம் எது என்று கேட்டதற்கு, "பொன்னேரி பக்கம் பிரைவேட் லேக் மேடம்" என்றார் போனில் பேசியவர்.

மாமனாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு வருடம்தான் ஆகிறது. தரையில் உட்கார முடியாது, வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம். அதை வாட்ஸ்அப்பில் எழுதியே கேட்டேன். "எல்லாம் இருக்கு, கவலைப்படாதீங்க" என்று பதில் வந்தது. அட்வான்ஸ் 10,000 அனுப்பினோம். கிளம்புவதற்கு முதல் நாள் இரவு, "பாக்கி 11,000-ஐயும் அனுப்பினாத்தான் லொகேஷன் வரும்" என்றார். அப்போதே விட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் பையெல்லாம் கட்டி வைத்துவிட்டார்கள். அனுப்பிவிட்டோம்.

லொகேஷன் காட்டிய இடத்தில் போர்டு எதுவும் இல்லை. பைக்கில் வந்த ஒரு பையன் இறால் குட்டைகளுக்கு நடுவே எங்களைக் கூட்டிப் போனான். படகுத்துறை என்று ஒன்று கிடையாது. சேற்றில் இறங்கி நடந்துதான் படகில் ஏறினோம். மாமனாரை என் கணவரும் நாத்தனார் கணவரும் கைத்தாங்கலாகத் தூக்கி ஏற்றினார்கள். அது மீன் பிடிக்கிற ஃபைபர் படகு. ஓரத்தில் ஈர வலை சுருட்டிக் கிடந்தது. லைஃப் ஜாக்கெட் நான்கே நான்கு, எல்லாம் பெரியவர்கள் அளவு. என் நான்கு வயது மகளுக்கு ஒன்றை மாட்டினேன். இரண்டு கையையும் தூக்கினால் ஜாக்கெட் அப்படியே தலை வழியாக உருவிக்கொண்டு வந்தது. தண்ணீரில் விழுந்தால் பிள்ளை ஒரு பக்கம், ஜாக்கெட் ஒரு பக்கம்தான். "முழங்கால் ஆழம்தான்க்கா, நடந்தே போலாம்" என்றார் படகுக்காரர்.

போகப் போக ஏரி அகலமானது. தூரத்தில் அலைச் சத்தம். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, இது பழவேற்காடு மாதிரி இல்ல இருக்கு? கிறிஸ்துமஸ் அன்னைக்குப் படகு கவிழ்ந்துச்சே" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போனது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். எங்களைப் போலவே விடுமுறைக்குக் குடும்பமாகப் போனவர்கள். அதற்குப் பிறகுதான் அங்கே சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றக் கூடாது என்று தடை வந்தது. நாங்கள் எங்கே வந்திருக்கிறோம் என்பதே நடுத் தண்ணீரில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆழமில்லை என்று படகுக்காரர் சொன்னது ஏரியின் பெரும்பகுதிக்குப் பொருந்தும். முகத்துவாரம் அப்படி இல்லை. கடல் தண்ணீர் உள்ளே ஏறும்போதும், ஏரித் தண்ணீர் வடியும்போதும் அந்தக் குறுகிய வாயில் இழுப்பு பலமாக இருக்கும். அங்கேதான் அவர் படகைத் திருப்பினார். "கடலும் ஏரியும் சேர்ற இடத்தைக் காட்டச் சொல்லியிருக்காங்க" என்றார். என் கணவர் எழுந்து சத்தம் போட்ட பிறகுதான் விட்டார்.

கரை என்று இறக்கிவிட்டது அக்கரையில் ஒரு சவுக்குத் தோப்பு. மூன்று கூடாரம். காட்டேஜ் இல்லை, கரண்ட் இல்லை. தார்ப்பாய் சுற்றிய ஒரு மறைப்பும் ஒரு டிரம் தண்ணீரும்தான் டாய்லெட். எங்களை இறக்கிவிட்டுப் படகு போய்விட்டது. மாமனார் அன்று மாலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்குப் பசியில்லை, தாகமில்லை என்று சமாளித்தார். எழுபத்திரண்டு வயது மனிதரை அந்த நிலைமையில் வைத்துவிட்டோமே என்பது பணம் போனதைவிட எனக்கு இன்னும் வலிக்கிறது. சாப்பாடு பத்தரைக்கு வந்தது, ஆறு பேருக்குக்கூடக் காணாது. பிள்ளைகள் பிஸ்கட் தின்றுவிட்டுத் தூங்கினார்கள். பேசியவருடைய போன் ஏழு மணியிலிருந்தே ஸ்விட்ச் ஆஃப்.

காலை ஏழு மணிக்கு வர வேண்டிய படகு ஒன்பதரைக்கு வந்தது. படகுக்காரர் கரையை ஒட்டி நிறுத்திக்கொண்டு, "எனக்கு டீசல் காசுதான் வந்துச்சு. மூவாயிரத்து ஐநூறு குடுத்தாத்தான் ஏத்துவேன்" என்றார். சண்டை போட்டோம். அவர் கோபப்படவே இல்லை. தன் போனை எடுத்துக் காட்டினார். எங்களிடம் போனில் பேசிப் பணம் வாங்கிய ஆள் அவருக்கு அனுப்பியிருந்தது வெறும் 1,200 ரூபாய். எங்களிடம் வாங்கியது 21,000. படகுக்காரரையும் அந்த ஆள் ஏமாற்றித்தான் இருக்கிறான். ஆனால் ஒன்பது பேரை அக்கரையில் நிறுத்திப் பேரம் பேசியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கொடுத்துவிட்டு வந்தோம். வேறு என்ன செய்வது? ரோடு இல்லை. நடந்து வெளியேற வழியில்லை.

நான் சொல்ல வந்ததே இதைத்தான். தங்கும் இடத்துக்குப் படகில் மட்டும்தான் போக முடியும் என்றால், படகு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் உங்கள் குடும்பமும் இருக்கும். நமக்கு விற்பவருக்குப் பெரும்பாலும் படகும் சொந்தமில்லை, இடமும் சொந்தமில்லை. கார் வாசல் வரை வருமா என்று கேளுங்கள். வராது என்றால் வேண்டாம், எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும்.

அப்புறம் படகு. எங்கள் படகில் ஐஎன்டி, டிஎன் என்று எண் எழுதியிருந்தது. அதைப் பார்த்து லைசென்ஸ் உள்ள படகு என்று நான் நிம்மதியாக இருந்தேன். பிறகு விசாரித்தால் அது மீன்பிடிப் படகுக்கு உரிய பதிவு. பயணிகளை ஏற்றுவதற்குத் தனியாகப் பதிவும், படகைச் சோதித்துத் தரும் சான்றும் வேண்டும். உள்நாட்டுக் கப்பல்கள் சட்டம், 2021 அதைத்தான் சொல்கிறது. 2023 மே மாதம் கேரளாவின் தானூரில் கவிழ்ந்து 22 உயிர்களைக் கொண்டுபோன படகும் மீன்பிடிப் படகாக இருந்து சுற்றுலாவுக்கு மாற்றியது என்று செய்திகளில் வந்தது. எத்தனை பேர் ஏறலாம் என்பது படகில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் எடைக்கு ஏற்ற ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டு, ஏறும் முன்பே மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் அது பயன்படாது.

தண்ணீரில் போக ஆசை என்றால் ஈசிஆரில் முட்டுக்காடு படகு இல்லம் இருக்கிறது. 1984-லிருந்து தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. இன்னும் தள்ளிப் போனால் முதலியார்குப்பம். கவுன்டரில் டிக்கெட் வாங்கி, ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, ராத்திரிக்கு மாமல்லபுரத்தில் ரூம் போட்டுக்கொள்ளலாம். படகுக்கு ஒரு பில், அறைக்கு ஒரு பில். ஒன்று சரியில்லை என்றால் இன்னொன்று கையில் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்தோம், சைபர் கிரைம் இணையதளத்திலும் ஏற்றினோம். நாங்கள் பணம் அனுப்பி இரண்டு நாள் ஆகிவிட்டதால் அந்தக் கணக்கில் எதுவும் மிச்சமில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் எண் வாங்கியிருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. ஐந்து லட்சம் வரையுள்ள வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய ரசீது, கூடாரம், டிரம், ஜாக்கெட் என எல்லாவற்றின் படங்களும் வைத்திருக்கிறேன். அந்த விளம்பரத்தின் படத்தைக் கூகுளில் தேடியபோது அது ஆலப்புழையில் எடுத்தது என்று வந்தது.

அந்த இன்ஸ்டாகிராம் பக்கம் இப்போது பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறது. படம் மட்டும் அதேதான்: மரப்பலகைத் துறை, அதன் முனையில் இரண்டு மஞ்சள் நாற்காலி. அதற்கு அட்வான்ஸ் கட்டியிருப்பவர்கள் தயவுசெய்து பாக்கியை அனுப்பாதீர்கள், இன்றைக்கே 1930-க்குக் கூப்பிடுங்கள். எங்களைப் போல் ஏற்கெனவே போய் வந்தவர்கள் இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், மனுவில் உங்கள் ரசீதையும் சேர்த்துக்கொள்கிறோம்.