ஹைபிரிட் பற்றரி ‘முடிஞ்சுது’ என்று சொன்னால் முதலில் கோட் நம்பரைக் கேளுங்கள்

அக்குவா, பிரியஸ், அக்ஸியோ ஹைபிரிட் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து ஆட்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். என் காரில் இருந்த நல்ல பற்றரியைக் கழற்றி வைத்துக்கொண்டு, எங்கிருந்தோ வந்த ‘ரீகண்டிஷன்’ பற்றரி ஒன்றைப் பூட்டி, 2 இலட்சத்து 85 ஆயிரம் ரூபா வாங்கினார்கள். உண்மையான பழுது ஒரு வயர் முனையில். கராஜின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும்.

கார் 2013ஆம் ஆண்டு அக்குவா. மாரி மழை ஓய்ந்த கையோடு தொடங்கிய பிரச்சினை. பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினால் கார் ஓடத் தயார் என்று காட்டும் ‘ரெடி’ வெளிச்சம் வராது, ஹைபிரிட் சிஸ்டத்தைப் பார்க்கச் சொல்லி எச்சரிக்கை மட்டும் வரும். ரேடியோ, ஹோர்ன், பவர் கண்ணாடி எல்லாம் வேலை செய்யும். ஓஃப் பண்ணித் திரும்ப அழுத்தினால் சில நேரம் ரெடி வந்துவிடும். ஒருநாள் அதுவும் நின்றுபோனது. தெரிந்தவர் ஒருவர் சொன்னார் என்று நகருக்கு வெளியே ஹைபிரிட்டுக்கென்றே போர்ட் போட்டிருக்கும் கராஜுக்கு ஏற்றி அனுப்பினேன்.

காரின் கொம்பியூட்டரில் பதிந்திருக்கும் பழுதுக் கோட்டை வாசிக்கும் ஸ்கானரை ஒரு பெடியன் கொழுவினான். முதலாளி திரையை எட்டிப் பார்த்தார், அரை நிமிடம்கூட இருக்காது.

“பற்றரி முடிஞ்சுது அண்ணை. பத்து வருசம் தாண்டின வண்டி, இனி அது தாங்காது.”

“என்ன கோட் காட்டுது தம்பி?”

“அது சொன்னா உங்களுக்கு விளங்காது. நான் போட்டுத் தாறன், ஆறு மாசம் வாரண்டி.”

ஸ்கானரைப் பொனற்றின் மேல் வைத்துவிட்டு அவர்கள் அந்தப் பக்கம் போக, நான் திரையைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்தேன். இன்றைக்கு என் கையில் இருக்கும் முக்கியமான சாட்சி அதுதான். அதில் இருந்த கோட் பி0ஏடிசி, கீழே துணை எண் 226. வேறு எதுவும் இல்லை.

இனி இந்த கோட் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். ஏமாற்று முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

அக்குவாவின் பெரிய பற்றரி பின்சீற்றுக்குக் கீழே இருக்கிறது. 7.2 வோல்ட் துண்டுகள் 20, மொத்தம் 144 வோல்ட். அந்தப் பற்றரிக்கும், அதன் கரண்டை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டருக்கும் நடுவே மூன்று ரிலேக்கள், அதாவது கரண்டில் இயங்கும் சுவிட்சுகள். ஸ்கானரில் கொன்டக்டர் என்று வரும், கராஜில் மெயின் ரிலே என்பார்கள். ஒன்று பிளஸ் பக்கம், ஒன்று மைனஸ் பக்கம். மூன்றாவது ஒரு ரெசிஸ்டரோடு சேர்ந்தது, கரண்டை முதலில் மெதுவாக விடுவதற்கு. இன்வேட்டருக்குள் கரண்டைச் சேர்த்து வைக்கும் பெரிய கப்பாசிற்றர் வெறுமையாக இருக்கும்போது 144 வோல்ட்டையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டால் ரிலேயின் முனைகளில் பொறி பறந்து உருகி ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் முதலில் ரெசிஸ்டர் வழியாக, பிறகு நேராக. பட்டனை அழுத்தியதும் பின்சீற்றுப் பக்கம் ‘டக், டக்’ என்று கேட்கிறதே, அது இவைதான்.

முக்கியமான விஷயம், இந்த ரிலேக்களை இழுப்பது 144 வோல்ட் அல்ல. சாதாரண 12 வோல்ட். கட்டுப்பாட்டுக் கொம்பியூட்டர் ஒரு மெல்லிய வயர் வழியாக 12 வோல்ட் அனுப்பும், கொயில் காந்தமாகி ரிலேயை மூடும். பி0ஏடிசி என்பது பிளஸ் பக்க ரிலேயின் அந்த 12 வோல்ட் சுற்றில் ஏதோ சரியில்லை என்பதற்கான கோட். வயர் அறுந்திருக்கலாம், சொக்கெற் தளர்ந்திருக்கலாம், வயர் எங்காவது வேறொன்றில் முட்டலாம், கொயில் போயிருக்கலாம், அரிதாகக் கொம்பியூட்டரே கெட்டிருக்கலாம். பற்றரியின் ஆயுளைப் பற்றி இந்த கோட் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

பற்றரியை மாற்று என்று சொல்லும் கோட் வேறு, அது பி0ஏ80. ரிலேயின் முனை உருகி ஒட்டிவிட்டது என்றால் பிளஸ் பக்கத்துக்கு பி0ஏஏ1, மைனஸ் பக்கத்துக்கு பி0ஏஏ4. இவையெல்லாம் பார்வைக்கு ஒரேமாதிரி எழுத்தும் எண்ணும் கலந்த பூச்சிகள். தெரியாதவருக்கு எதைக் காட்டி எதையும் சொல்லலாம்.

இன்னொன்றும் இவர்களுக்கு வசதியாகிப் போகிறது. அக்குவாவில் தனியாக ஸ்ரார்ட்டர் மோட்டர் கிடையாது. பெரிய பற்றரியின் கரண்டில் ஓடும் மோட்டர்தான் எஞ்சினைச் சுற்றிவிடும். ரிலே மூடாவிட்டால் எஞ்சினும் இல்லை, கார் அசையாது. “பற்றரி செத்துப்போச்சு” என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்?

வேலை செய்த விதத்தையும் சொல்லவேண்டும். பெடியன் பின்சீற்றைத் தூக்கி, பெரிய பற்றரியின் சுற்றைத் துண்டிக்கும் ஒரேஞ்ச் நிற சேர்விஸ் பிளக்கை வெறுங்கையால் இழுத்து எடுத்து, மேசையில் பாதி சாப்பிட்ட பணிஸுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுத்த நிமிடமே ஸ்பானரை எடுத்தான். பிளக்கைக் கழற்றிய பிறகு இன்வேட்டரின் கப்பாசிற்றர் வடிய 10 நிமிடமாவது காத்திருக்கவேண்டும் என்பது டொயோட்டாவின் கையேட்டில் இருக்கும் விதி. கையில் இன்சுலேஷன் கிளவ்ஸ் இருக்கவேண்டும். கழற்றிய பிளக் வேலை செய்கிறவனின் பொக்கெற்றுக்குள் இருக்கவேண்டும், வேறு யாரும் தெரியாமல் பூட்டிவிடக்கூடாது என்பதற்காக. பார்க்க எனக்கே நெஞ்சு பதறியது. அந்தப் பிள்ளையில் குற்றமில்லை, சொல்லிக் கொடுக்க ஆளில்லை.

பின்னேரமே கார் ரெடி வந்தது. காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். பில் என்று தந்த துண்டில் ‘ஹைபிரிட் பற்றரி மாற்றம்’ என்று ஒரே வரி. பழைய பற்றரியைக் கேட்டதற்கு, “அது எக்ஸ்சேஞ்சுக்குப் போற சாமான் அண்ணை” என்றார். அதற்காக ஒரு சதமும் கழிக்கவில்லை.

பழுது பற்றரியில் இல்லையென்றால் மாற்றியதும் ஏன் ஓடியது என்று கேட்பீர்கள். பற்றரியை இறக்க அந்த மெல்லிய வயரின் சொக்கெற்றையும் கழற்றித்தான் ஆகவேண்டும். கழற்றிப் பூட்டும்போது பின்கள் உரசி, கொஞ்ச நாளைக்குத் தொடுப்பு வந்துவிடும். அந்தக் கொஞ்ச நாள் போதும், காசு கைமாறிவிடும்.

சில கிழமைகளில் பழையபடி ரெடி இல்லை. அதே கராஜுக்கு எடுத்தேன். இந்த முறை “இன்வேட்டர் அண்ணை” என்றார்கள், இன்னும் 3 இலட்சம் சொன்னார்கள். வாரண்டி பற்றரிக்குத்தானாம், இன்வேட்டருக்கு இல்லையாம். பழைய படத்தையும் புதிய திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதே பி0ஏடிசி, அதே 226. காரை அங்கே விடாமல் வேறு வழி பார்த்தேன்.

வடமராட்சிப் பக்கம் ஒருவர் இருக்கிறார், ஜப்பான் வண்டிகளின் வயரிங் மட்டும் பார்ப்பவர். வீட்டோடு சேர்ந்த சின்னக் கொட்டில், போர்ட்கூட இல்லை. அவர் வேலை செய்வதைப் பார்த்தபோதுதான் முன்னே நடந்தது எவ்வளவு அநியாயம் என்று விளங்கியது.

கோட்டை அழிக்காமல் முதலில் ஒரு தாளில் எழுதினார். பிறகு 12 வோல்ட் சின்னப் பற்றரியை அளந்தார், 12.5க்கு மேல் நின்றது. அது தளர்ந்தால் ஹைபிரிட்டில் இல்லாத பழுதெல்லாம் காட்டுமாம், அதனால் எப்போதும் அதில்தான் தொடங்குவாராம். கிளவ்ஸ் போட்டுப் பிளக்கை எடுத்துப் பொக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு, “ஒரு பிளேன்ரீ குடிப்பம் ஐயா” என்று போய் உட்கார்ந்தார். திரும்பி வந்தும் உடனே கை வைக்கவில்லை, உயர் வோல்ட் முனைகளில் பூச்சியம் காட்டுகிறதா என்று மீற்றரால் பார்த்த பிறகுதான் தொட்டார்.

ரிலே சொக்கெற்றைக் கழற்றி மூன்று கொயில்களையும் ஓம்ஸில் அளந்தார். கையேட்டில் சொன்ன அளவுக்குள் மூன்றும் நின்றன. அப்போ ரிலே சரி. அடுத்தது கொம்பியூட்டர் பக்கத்தில் இருந்து சொக்கெற் வரை வயரின் தொடர்ச்சி. மீற்றரை வைத்துக்கொண்டு வயரை மெல்ல ஆட்டச் சொன்னார். ஆட்டினேன். எண் நின்ற இடத்தில் நிற்காமல் தாவி, ஒரேயடியாகத் திறந்த சுற்று, அதாவது தொடுப்பே இல்லை என்று காட்டியது. விட்டால் திரும்பவும் வந்தது.

“பிடிச்சாச்சு” என்றார்.

சொக்கெற்றைத் திருப்பி டோர்ச் அடித்துக் காட்டினார். வரிசையில் ஒரு பின்னில் மட்டும் பச்சைக் களிம்பு, அதைக் கவ்வும் முனையும் அகன்று போயிருந்தது. பின்சீற்றுக் கீழ்க் கார்ப்பெற்றைத் தூக்கிக் கையை வைத்தால் இன்னும் ஈரம். மாரியில் ஒழுங்கை முழுக்க வெள்ளம் நின்றபோது உள்ளே வந்த தண்ணீர். புதிய முனை போட்டு, மற்றவற்றைத் துடைத்து, கார்ப்பெற்றை வெளியே எடுத்துக் காயவிட்டு, 6,500 ரூபா வாங்கினார். அதற்குப் பிறகு ரெடி வராமல் போனதில்லை.

கடைசியாக ஒன்று பார்த்துத் தந்தார். பற்றரியின் 20 துண்டுகளும் இரண்டிரண்டாக 10 ஜோடி, ஒவ்வொரு ஜோடியின் வோல்ட்டையும் ஸ்கானரில் தனித்தனியாகப் பார்க்கலாம். நல்ல பற்றரியில் ஓடும்போதும் பத்தும் ஏறக்குறைய ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். எனக்குப் பூட்டியிருக்கும் ‘ரீகண்டிஷன்’ பற்றரியில் இரண்டு ஜோடி, அக்சிலேட்டரை மிதித்தவுடன் மற்றவற்றை விட்டுத் தனியே கீழே விழுகின்றன. இனித்தான் பி0ஏ80 வரப்போகிறது. என் பழையது ஒரு லீற்றருக்கு எவ்வளவு ஓடியது என்று எனக்குத் தெரியும், அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதை யாருக்கு விற்றார்களோ!

இந்த வியாபாரம் ஏன் இப்படிப் பெருகியது என்பதும் ஒளிவுமறைவான விஷயமல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, சொந்த வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அத்தனை வருடமும் இருக்கிற ஹைபிரிட்டையே ஓட்டவேண்டிய நிலை, வண்டிகளுக்கும் வயது போய்விட்டது. பழைய பற்றரிக்கு நல்ல கேள்வி. உங்கள் காரில் இருப்பது நல்ல பற்றரி என்றால் அது கராஜுக்குக் காசு.

ஆகவே காரைக் கொடுக்கும்போது திரையைப் படம் எடுங்கள், யாரும் கோட்டை அழிக்க முதல். காட்டமாட்டோம் என்றால் காரை அங்கே விடவேண்டாம். பற்றரி என்று சொன்னால் ஜோடி ஜோடியாக வோல்ட்டைக் காட்டச் சொல்லுங்கள், காரை ஓட்டிப் பார்த்தபடி. ரிலே சுற்றுக் கோட் என்றால் 12 வோல்ட் பற்றரி, சொக்கெற், கொயில், வயர் இந்த நான்கையும் அளந்தீர்களா, என்ன எண் வந்தது என்று கேளுங்கள். அளந்தவரால் எண்ணைச் சொல்லமுடியும். பற்றரியை மாற்றத்தான் வேண்டும் என்றால் கழற்ற முதல் பழையதன் சீரியல் இலக்கத்தைக் குறித்து, அதைத் திருப்பித் தரவேண்டும் அல்லது விலையில் கழிக்கவேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். உயர் வோல்ட் ஓடும் ஒரேஞ்ச் வயர் பக்கம் நீங்களாகக் கை வைக்காதீர்கள், வீடியோ பார்த்துவிட்டும் வேண்டாம்.

முறைப்பாட்டை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குக் கொடுத்தேன். அவர்களின் 1977 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்தால் வழி சொல்வார்கள். வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும், அதைத் தவறவிடாதீர்கள். ஸ்கானர் திரையின் இரண்டு படம், ஒற்றை வரிப் பில், வயரிங்காரர் எழுதித் தந்த அளவுகள், களிம்பு பிடித்த பழைய முனை ஒரு சின்னப் பையில், இவ்வளவும் சேர்த்திருக்கிறேன்.

முறைப்பாடு போனது தெரிந்ததும் முதலாளி கோல் எடுத்தார். “அண்ணை, ஏன் பெரிசாக்குறியள், ஒரு லட்சம் திருப்பித் தாறன், கதைச்சு முடிப்பம்” என்றார். என் பற்றரியைக் கொண்டுவந்து பூட்டிவிட்டுக் கதைக்கச் சொன்னேன். அதற்கு இன்னும் பதில் இல்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.